அப்பாவின் அகலம்

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில், ஒரு ஃபேன்சி ஸ்டோரின் மாடியில் லோகேஷ் அனிமேஷன் ஸ்டுடியோ வைத்திருந்தான். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டர்களுக்காக ஓடியது. அவன் ஓரமாக உட்கார்ந்து அதில் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொண்டான்.

உலகத்தில் படத்தைப் படத்தின் அளவில் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு, அதில் தற்சமயம் உயிரோடு இருப்பது தான் ஒருவன்தான் என்பது லோகேஷின் எண்ணம். மற்றவர்கள் எல்லோரும் பெரிய டிவி வாங்கின அன்றைக்கே ரிமோட்டை எடுத்து, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்று படத்தை இழுத்து ரொப்பிவிடுகிறார்கள். கொடுத்த காசுக்கு டிவி முழுக்கப் படம் தெரிய வேண்டாமா? அதில் வருகிற கதாநாயகி பூசணிக்காய் மாதிரி ஆனால் அவர்களுக்கு என்ன வந்தது, அவளா வந்து கேட்கப்போகிறாள்? நெமிலிச்சேரியில் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட லோகேஷால் சும்மா இருக்க முடியவில்லை. பெண் காபித் தட்டோடு வருவதற்குள் ரிமோட்டை எடுத்து டிவியைச் சரிசெய்துவிட்டான். பெண்ணின் அப்பா வாங்கித் திரும்பவும் ரொப்பினார். இவன் மறுபடி கையை நீட்டினான். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

இப்பேர்ப்பட்ட மகானிடம்தான் சம்பத் ஒரு கல்யாண வேலையைக் கொண்டுவந்தான். சம்பத் மண்டபங்களில் எல்இடி வால் கட்டுகிறவன். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படம் ஓடுகிறதே, அந்தச் சுவர் அவனுடையது.

"மச்சான், ஆவடில ஒரு ரிசப்ஷன் கீது. பொண்ணோட செத்துப்போன அப்பாவக் கொணாந்து மேடையில நிக்க வைக்கணும். வந்து ரெண்டு வார்த்தை வாழ்த்திட்டுப் போவணும்."

இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. உயிரோடு இருக்கிற சித்தப்பனுக்குப் பத்திரிகை வைக்க மறந்துபோவார்கள், இறந்துபோனவர் மட்டும் தவறாமல் வந்துவிட வேண்டும்.

"ஏன், ஏஐல போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துடும்னு யாரும் சொல்லலியா?" என்றான் லோகேஷ்.

"போட்டுப் பாத்துக்கினாங்க மாமே. எலக்ஷன்ல நிக்கிற ஆளு மாதிரி பல்லைக் காட்டிக்கினு வந்தாராம். பொண்ணு ஒரே அழுகை. அதான் உங்கிட்ட வந்தேன்."

"சரி. உன் வால் எத்தனை பிக்சல்? நொடிக்கு எத்தனை பிரேம்ல ஓட்டுவே?"

"அத்தெல்லாம் இன்னாத்துக்கு? முப்பதுல குடு. ஃபுல்லா ரொப்பு. பந்திக்குப் போற அவசரத்துல எவன் கேக்கப் போறான்?"

லோகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். ரொப்பு என்ற சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துவிட்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் பெண்ணே வந்தாள். கிருஷ்ணப்பிரியா என்று பெயர், கோவில்பதாகையில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கையில் ஒரே ஒரு டிவிடி. அவளுக்குக் காது குத்தின அன்று எடுத்தது. அதற்கு அடுத்த வருஷமே அப்பா தினகரன் போய்விட்டார். அவரை அவளுக்கு நினைவே இல்லை. இந்த டிவிடிதான் அவளுக்கு அப்பா.

"எங்க அப்பா ரொம்ப கம்பீரம்ணா," என்றாள். "அகலமான முகம். நிதானமாத்தான் நடப்பாரு. குரல் அப்படியே கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். என்னைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னு, 'எம்பொண்ணு நல்லா இருக்கணும்'னு சொல்வாரு. அதே மாதிரி நடந்து வந்து, அதே குரல்ல, அதை மட்டும் சொன்னா போதும். வேற எதுவும் வேணாம். அன்னிக்கு எங்க அப்பா அங்க இருக்கணும், அவ்ளோதான்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. லோகேஷ் எதையாவது இளக்காரமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அவள் போனதும் டிவிடியைப் போட்டு, நேராக அந்த வாசல் காட்சிக்கு ஓட்டினான். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தினகரன் யானை அசைவதுபோல் வாசலுக்கு வந்தார். தோள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நிலைப்படியை அடைத்துக்கொண்டது. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, அடித்தொண்டையில் பேசினார். சரி, நல்ல ஆகிருதி, செய்வதற்கும் சுலபம் என்று லோகேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் அவன் கண்ணில் பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

கடிகாரம் வட்டமாக இல்லை. படுக்கவைத்த முட்டை மாதிரி இருந்தது. முட்டை வடிவத்திலும் கடிகாரம் செய்கிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் நொடிமுள்? லோகேஷ் தன் கைப்போனை வைத்துக்கொண்டு பார்த்தான். முள் ஒரு சுற்றுச் சுற்றிவர எழுபத்திரண்டு நொடி எடுத்தது. எழுபத்திரண்டு நொடிக்கு ஒரு நிமிடம் கோவில்பதாகையில் எந்தக் காலத்திலும் கிடையாது.

பெண்ணின் அம்மா சாவித்திரிக்குப் போன் போட்டான். "அம்மா, அந்த கேமரா யாருது?"

"அவரோட சிநேகிதர் ஒருத்தரு அமெரிக்காலேர்ந்து கொணாந்தது பா. ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்று வைத்துவிட்டான். ஆகவேண்டியதெல்லாம் முன்னமே ஆகியிருந்தது. அந்த ஊர்க் கேமரா நொடிக்கு முப்பது படம் எடுக்கும். நம் ஊரில் இருபத்தைந்துதான் கணக்கு. கேசட்டை டிவிடியாக மாற்றின புண்ணியவான், முப்பதை இருபத்தைந்து என்று எண்ணி ஓட்டிவிட்டான். ஒரு நொடியில் முடியவேண்டியது இழுத்துக்கொண்டே போயிற்று. படம் மெதுவாக ஓட, பேச்சு மட்டும் முன்னால் ஓடியிருக்கும். சும்மா இருந்தானா? இல்லையே. வாய்க்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை என்று பேச்சையும் பிடித்து இழுத்து நீட்டிவிட்டான். நீட்டினால் குரல் தடிக்காமல் என்ன செய்யும்? அது போதாதென்று, அந்தக் கேமரா படத்தைக் கோக்கிற புள்ளி, அதாவது பிக்சல், சதுரமில்லை, நெட்டை. நெட்டைப் புள்ளியைச் சதுரமாக்கினால் ஆள் அகலமாகிறான். அதையும் செய்தாயிற்று. மிச்சத்தைக் கோவில்பதாகை வீட்டு டிவி ரொப்பித் தீர்த்திருக்கும்.

லோகேஷுக்குப் புல்லரித்தது. புள்ளியை நெட்டையாக்கினான், படத்தை முப்பதுக்குத் திருப்பினான், பேச்சைச் சுருக்கினான். கடிகாரம் வட்டமாயிற்று. நொடிமுள் ஒழுங்காக நடந்தது. நிலைப்படியில் ஓர் ஒல்லியான ஆள், வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பரபரவென்று வந்து, "எம்பொண்ணு நல்லா இருக்கணும்" என்று கீச்சுக்குரலில் சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டாற்போல் அந்தப் பக்கம் ஓடிப்போனார். ஆகா, இருபது வருஷத்துக்கும் மேலாக யாரும் பார்க்காத மனிதனைத் தோண்டி எடுத்துவிட்டோம் என்று லோகேஷ் தனக்குத்தானே தோளில் தட்டிக்கொண்டான். அந்த ஒல்லி மனிதனையே அனிமேஷனில் அச்சு அசலாகச் செய்தான். நடை, கழுத்துச் சாய்ப்பு, உதட்டசைவு எல்லாம் பிரேம் பிரேமாகப் பொருந்தின. அவன் செய்ததிலேயே இதுதான் உருப்படியான வேலை, சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் பெண்ணும் பார்க்க வந்தார்கள். சாவித்திரி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பிரியா உட்காரவே இல்லை. கைக்குட்டையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். லோகேஷ் ஓட்டினான்.

தினகரன் பரபரவென்று வந்தார், கைகூப்பினார், கீச்சென்று வாழ்த்தினார்.

கிருஷ்ணப்பிரியா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள். "இது சாம்பிளாண்ணா? யாரு இவரு?"

"உங்க அப்பா."

"விளையாடாதீங்கண்ணா."

லோகேஷ் இதற்காகவே காத்திருந்தான். டிவிடியைப் போட்டு முட்டைக் கடிகாரத்தைக் காட்டினான். பக்கத்திலேயே வட்டக் கடிகாரத்தைக் காட்டினான். முப்பது, இருபத்தைந்து, நெட்டைப் புள்ளி, சதுரப் புள்ளி என்று கோயில் பிரசங்கம்போல் விளக்கினான். "நீங்க இத்தனை வருஷமா பார்த்தது தப்புங்க. மெஷின் செஞ்ச தப்பு. இதுதான் கரெக்ட். கடிகாரத்தைப் பாருங்க, எவ்வளவு ரவுண்டா இருக்குன்னு."

"கடிகாரம் ரவுண்டா இருந்தா எனக்கென்னண்ணா?" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. "எங்க அப்பா எங்க?"

லோகேஷ் செட்டிங் பக்கத்தைத் திறந்து தேடினான்.

"அம்மா, நீயே சொல்லு," என்று திரும்பினாள். "அப்பா இப்படியா இருந்தாரு?"

லோகேஷும் சாவித்திரியைப் பார்த்தான். நிம்மதியாகவே பார்த்தான், ஏனென்றால் அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். படம் ஓடத் தொடங்கி, அந்த ஒல்லி மனிதர் நிலைப்படிக்கு வந்ததுமே சாவித்திரி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். வெளியே போயிருந்த புருஷன் வீட்டுக்குள் வந்தால் எழுந்திருப்பாளே, அப்படி. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சாவித்திரி பெண்ணைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இல்லடி," என்றாள். "இவர் யாரோ. உங்க அப்பா இல்ல."

லோகேஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வீடு படத்தை ரொப்புகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். கண்ணெதிரில் வைத்துக்கொண்டு சொந்தப் புருஷனையே இல்லை என்று சாதிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான். கிருஷ்ணப்பிரியா, "பழசையே வச்சு செஞ்சுக் குடுங்கண்ணா, இல்லன்னா விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். கீழே ஸ்கூட்டியைக் கிளப்பிவைத்து அம்மாவுக்காக ஹாரன் அடித்தாள்.

சாவித்திரி பாதிப்படி இறங்கியவள் திரும்ப ஏறி வந்தாள்.

"செருப்பை மாத்திப் போட்டுக்கினேன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள். "தம்பி, கோவிச்சுக்காத. அவருதான் அது."

"தெரியும்மா."

"ஒல்லிக்குச்சி. ஒரு இடத்துல நிக்க மாட்டாரு. பேசினா குருவி கத்துற மாதிரி இருக்கும், எங்க அண்ணனுங்க எல்லாம் கேலி பண்ணுவானுங்க. இன்னா கூத்து பாரு, அந்த டிவியில வர்றவரையே பாத்துக்கினு இருந்து நானே மறந்து பூட்டேன் பா. எம்புருஷன் இப்படித்தான் இருந்தாருன்னு இன்னிக்குத்தான் எனக்கே ஞாபகம் வந்துது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்புறம் ஏம்மா இல்லன்னு சொன்னீங்க?"

"அவளுக்கு அந்த டிவிக்காரருதான் அப்பன். பரீட்சையில பெயிலானா அவரு எதிர்ல உக்காந்துக்கினுதான் அழுவா. வேலை கெடச்சப்போ ஆர்டரை எடுத்தாந்து அவருக்குத்தான் காட்டினா. இவரை அவளுக்குத் தெரியாதே. கல்யாணத்தன்னிக்கு, தெரியாத ஆம்பளையக் கொணாந்து அவ எதிர்ல நிறுத்துவியா நீ? நல்லாவா இருக்கும்?"

லோகேஷ் வட்டக் கடிகாரத்தை மூடிவிட்டு, முட்டைக் கடிகாரத்தைத் திரையில் கொண்டுவந்தான்.

பிறகு வேலையில் இறங்கினான். சரியானதைச் சரியாகச் செய்வது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தப்பைச் சரியாகச் செய்வது இருக்கிறதே, அது முதுகெலும்பை முறிக்கிற வேலை. கொஞ்சம் அகலம் குறைந்தால் அப்பா இல்லை, கூடினாலும் அப்பா இல்லை. கோவில்பதாகை வீட்டு டிவியில் அந்தக் கடிகாரம் எவ்வளவு முட்டையோ அவ்வளவு முட்டையாகத் தினகரன் இருந்தாக வேண்டும். டிவியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். கடிகாரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அந்தக் கணக்குக்கு மனிதனை அகலப்படுத்தினான். அந்த அசட்டு டிவிடிக்காரன் இழுத்த அளவுக்கே நடையை இழுத்தான். அதையும் சம்பத்தின் வால் நொடிக்கு முப்பது படம் கேட்கும் என்பதால், நடை உதறாமல் முப்பதுக்கே பொருத்தினான். குரலை மறுபடி கிணற்றில் இறக்கினான். வாழ்நாள் முழுக்க ஊரைத் திட்டின குற்றத்தை எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே செய்தான். ஆண்டவன் கணக்கு அப்படித்தான் தீர்ப்பார்போல.

கடைசியில் சம்பத்தைக் கூப்பிட்டான். "உன் வாலோட பிக்சல் கணக்கை இப்பவே சொல்லு. ஒண்ணு குறையக் கூடாது."

"அதான் நானே ரொப்பிக்கிறேன்னு..."

"நீ ரொப்பினா அந்த மனுஷன் ஆவடி மிலிட்டரி டாங்க் மாதிரி ஆயிடுவாரு. கணக்கைச் சொல்றியா, நான் மண்டபத்துக்கே வந்து எண்ணட்டுமா?"

சம்பத் சொன்னான். ரொப்புவதற்கு எள்ளளவும் மிச்சமில்லாதபடி, வாலின் அளவுக்கே லோகேஷ் படத்தை ரெண்டர் செய்து எடுத்தான்.

ரிசப்ஷன் அன்று, வாலை ஓட்டுகிற சம்பத்தின் கண்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில், மேடைக்கு ஓரமாக அவனே போய் உட்கார்ந்துகொண்டான். யாரையும் நம்புவதற்கில்லை. மேளம் நின்றது. விளக்கு மங்கியது. சுவரில் நிலைப்படி தெரிந்தது. தினகரன் நிதானமாக வந்தார், அகலமாக நின்றார், கைகூப்பினார். "எம்பொண்ணு... நல்லா... இருக்கணும்."

கிருஷ்ணப்பிரியா, "அப்பா!" என்று கத்தியே விட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே மேடையில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை விஷ்ணு என்ன செய்வதென்று தெரியாமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்று பார்த்தார்கள். லோகேஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏசிக் காற்று என்று சொல்லிக்கொண்டான்.

முன்வரிசையில் தினகரனின் தங்கை ராஜகுமாரி மட்டும் சுவரை உற்று உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி சாவித்திரி, இது எங்க அண்ணனா?" என்றாள், நாலு வரிசைக்குக் கேட்கிற குரலில். "இம்மாம் குண்டாவா இருந்தான் அவன்? செத்தப்புறம் சதை போட்டுட்டானா? குரலும் அவன் குரலா இல்லியே."

சாவித்திரி மேடையைப் பார்த்தாள். பெண் இன்னும் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணு அவிஞ்சு பூட்ச்சா உனக்கு?" என்று சாவித்திரி சீறினாள். "கூடவே குடித்தனம் பண்ணவ நானு. எம்புருஷன் எப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரியாதா? அவரேதான். வாயை மூடிக்கினு பாரு."

ராஜகுமாரி வாயை மூடிக்கொண்டாள். தன் ஞாபகம்தான் பிசகோ என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். லோகேஷ் குனிந்து, ஒன்றுமில்லாத ஒயரைச் சரிசெய்தான்.

எல்லோரும் பந்திக்கும் போட்டோவுக்கும் கலைந்த பிறகு சாவித்திரி அவனிடம் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கண் சிவந்திருந்தது.

"தம்பி, அந்த ஒல்லியை அழிச்சிட்டியா?"

"இல்லம்மா. அப்படியே இருக்கு."

"நீ செஞ்ச பொம்மை வேணாம். அந்த கேசட்டு, நேராக்கினியே, அதை எம்போனுக்கு அனுப்பேன். அவர் வாழ்த்துறது மட்டும் இல்ல, மொதல்லேர்ந்து. வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசுவாரு. அது எனக்குப் பேசினது."

லோகேஷ் அனுப்பினான். அவள் அங்கேயே, சம்பத்தின் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு, போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்து அதைத் திறந்தாள். படம் நடுவில் தீப்பெட்டி அகலத்துக்குத்தான் தெரிந்தது. குறுக்கே திருப்புங்கள், பெரிதாகத் தெரியும் என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அன்றைக்குக் கேமராவைப் பிடித்திருந்தவள் அவள்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தீப்பெட்டிக்குள்ளிருந்த ஒல்லி மனிதர் நேராக அவளையே பார்த்து, கீச்சுக்குரலில், அவசர அவசரமாகக் கேட்டார்.

"ஏய் சாவித்திரி, இன்னா பேந்தப் பேந்த முழிக்கிறே? ஓடுதா, இல்லியா அது?"

"ஓடுது," என்றாள் சாவித்திரி போனைப் பார்த்து. "நீ பேசுய்யா, ஓடுது."